மீன்குடல் கணக்கு

திறப்பு விழா அன்று நாலு தெருவிளக்கு எரிந்தது.
'கழிவிலிருந்து ஒளி' என்று பலகை.
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை
யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
பொருள் பட்டியலில் அது இன்னும் என் பெயரில் நிற்கிறது.

காசிமேட்டு ஏலக்கூடத்துக்குப் பின்னால்
அந்தப் பச்சைத் தொட்டிக்கு நான் ஆபரேட்டர்.
வஞ்சிரக் குடல், சங்கராச் செவுள், இறால் தலை,
விடிவதற்குள் எடைபோட்டு உள்ளே தள்ளுவேன்.
நோட்டில் எழுதுவேன்: 180 கிலோ. 164. மழை, 90.
மத்தியானத்துக்குள் ரப்பர் பலூன்
கூரையை முட்டிக்கொண்டு நிற்கும்.

பகலில் விளக்குக்கு ஏது வேலை?
வால்வைத் திறந்து வானத்துக்கு விடுவேன்.
அந்தப் பக்கம் மணலியில்
யாருடைய உலைக்கும் உதவாத ஒரு தீ
புகைபோக்கி உச்சியில் ஆடிக்கொண்டிருக்கும்.
ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்.

டெல்பினாதான் கேட்டது.
முழங்கை வரை செதில், கையில் கத்தி.
"இன்னாத்துக்கு நைனா காத்துல வுட்றே?
என் மீனு குடலு அது.
ஐஸு ஒடைக்கிற மிஷினுக்கு டீசல் ஊத்தி ஊத்தி
நான் சாவுறேன்.
ராத்திரி வெளிச்சம் எனக்கு எதுக்கு?
ராத்திரி நான் தூங்கணும்."

நோட்டில் இதற்குப் பத்தி இல்லை.
மேலே எழுதிப் போட்டேன். பதில் வர ஏழு மாதம்.
அதற்குள் கொருக்குப்பேட்டை ஜபருல்லா
உடைந்த படகு இன்ஜின் ஒன்றை வாங்கிவந்து
வாயு குடிக்கப் பழக்கிவிட்டார்.
முதல் வாரமே இருமி நின்றது;
அழுகின முட்டை வாடை உள்ளே செம்பைத் தின்றிருந்தது.
லேத்துப் பட்டறையில் கூட்டித்தள்ளிய இரும்புச் சுருளை
மழையில் போட்டுத் துருவேற்றி
ஒரு டிரம்மில் அடைத்தார்.
வாயு அதற்குள் புகுந்து
வாய் கொப்பளித்து வெளியே வந்தது.

தடதடவென்று ஐஸ் உடைந்தது.
கட்டிக்கு முப்பது ரூபாய், டீசலில் அறுபத்தைந்து.
உச்சிவெயில் ஏறினால்
வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிற கூடைகள்
சாயங்காலம் வரை உட்கார்ந்தன.
ஐந்து மணிக்கும் மீனின் கண் கலங்கவில்லை.
வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி
ஆபீஸ்காரர்கள் விலை கேட்டார்கள்.
டெல்பினா குறைக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் கடலுக்குப் பூட்டு.
அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது.
ஏலக்கூடத்தில் பூனைகள் மட்டும்
பழைய நேரத்துக்கு வந்து உட்கார்ந்தன.
பலூன் துவண்டது.
தொட்டிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
பட்டினியில் செத்தால்
மறுபடி பெருக மாசக்கணக்காகும்.
போனில் கேட்டேன். "மூடி வைங்க" என்றார்கள்.

எட்டாம் நாள் ஒரு வாளி வந்தது.
கஞ்சி வடித்த தண்ணீர், புளித்துப்போன மாவு.
அடுத்த நாள் பதினோரு வாளி.
ஸ்டெல்லா தரமாட்டேன் என்று சண்டை போட்டாள்,
பழைய சீட்டுப் பணத் தகராறு.
ஐந்து நாள் கழித்து அவளும் வந்தாள்,
மூடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே ஊற்றினாள்.
நிவாரணப் பணம் இன்னும் வராத வீடுகள் அவை.
உலையில் அரிசி எவ்வளவு விழுந்தது என்று
அந்தத் தண்ணீரின் நிறத்தில் எனக்குத் தெரிந்தது.
எழுதவில்லை.

ஊறிய கொஞ்ச வாயுவை என்ன செய்வது?
விளக்கு வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.
ஒரு அடுப்பு வைத்து, வலை தைக்கிறவர்களுக்கு
டெல்பினா டீ போட்டாள். எட்டு ரூபாய்.
எனக்கும் எட்டு ரூபாய்தான்.
"கணக்குன்னா கணக்கு" என்றாள்.

அந்த ரெண்டு மாதமும் நாலு விளக்கும் எரியவில்லை.
யாரும் கேட்கவில்லை.

ஆனியில் படகு வந்த விடியலில்
ஜபருல்லா கயிற்றை இழுத்தார். ஒன்று. ரெண்டு.
மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது.
குடல் என்ற பத்தியில்
வெள்ளையாய்க் கிடந்த அறுபத்தொரு வரிகளைத் தாண்டி
எழுதினேன்: 12 கிலோ.